பட்டியலின் முதல் பெயர்

மலைக்கு மாலை போட்டிருந்த நாட்களில்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். மகரவிளக்குக்குப் போவதாக நேர்ந்து, கார்த்திகை ஒன்றாம் தேதியே தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டேன். இருவேளைக் குளியல், கறுப்பு வேட்டி, எதிரே வருபவரையெல்லாம் 'சாமி' என்று அழைப்பது, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வாய் மட்டும் விரதம் இருக்கவில்லை.

நாகர்கோவில் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்றொரு சின்ன அறை உண்டு. அந்த அறைக்குள் எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு பழகுகிறது என்று பார்ப்பேன். ஒரு நொதியை உள்ளே அனுப்பினால், பக்கத்தில் நிற்கிற புரதங்கள்மேல் அது பயோட்டின் என்ற வைட்டமினை அடையாளமாக ஒட்டிவிடும். அடையாளம் விழுந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, துண்டுகளாக்கி, வெளியூரில் உள்ள மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவோம். துண்டுகளின் எடையை வைத்து அது பெயர்ப்பட்டியல் தரும்.

அந்த முறை வந்த பட்டியலில் முதல் பெயர் கெரட்டின். மனிதத் தோலிலும் முடியிலும் இருக்கிற புரதம். யாரோ உதிர்த்திருக்கிறார்கள். நான் தேடியவை அந்தக் கூட்டத்தில் அமுங்கிப் போயிருந்தன.

குழாய்களையும் கரைசல்களையும் தயார் செய்து தருபவர் மீனவர் ஊரான கடியப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கையுறை இல்லாமல் அவர் ஒரு மூடியைக்கூடத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "மீன் வெட்டுன கையோட வந்து தொட்டா வேற எப்படி இருக்கும்?"

மாலை போடுவதற்கு முந்தின நாள்வரை சாளை மீன் குழம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "சாமி, மனுஷனுக்க தோலுண்ணு தானே போட்டிருக்கு? எனக்க தோலுண்ணு போட்டிருக்கா?"

பதில் இல்லாதவனுக்கு வரும் கோபம் பொல்லாதது. இயக்குநரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அக்காவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். இந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சும் அடிபட்டது.

அடுத்த மாதிரிக்கு எல்லாவற்றையும் நானே கழுவி, நானே கலக்கி அனுப்பினேன். கெரட்டின் முன்னைவிட அதிகமாக வந்தது. யோசனையில் தாடியைச் சொறிந்தேன். மேஜைமேல் வெள்ளையாகப் பொடுகு உதிர்ந்தது. திறந்த குழாய்கள்மேல் இத்தனை நாளும் இந்தத் தாடியோடு குனிந்து நின்றவன் நான்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பதினெட்டுப் படி ஏறும்போதும் அந்த அக்காவின் கேள்விதான் காதில் கிடந்தது. சாமியைப் பார்க்கவே கூசியது.

மலையிறங்கி வந்து, மாலையைக் கழற்றி, முகத்தை மழித்துவிட்டு மூன்றாவது மாதிரியை அனுப்பினேன். இந்த முறை கெரட்டின் பட்டியலின் அடியில் கிடந்தது.

உண்மையைச் சொல்லத்தான் இயக்குநரின் அறைக்குப் போனேன். உள்ளே போனதும் வாயில் வேறு வந்தது. "குழாய் வந்த பாக்கெட்டுலதான் சார் கோளாறு. அக்கா மேல தப்பில்ல."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஸ்டோர் ரூமிலிருந்து திரும்பி வந்த அன்று அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க சொன்னதுனாலதான் சார், திரும்ப எடுத்தாவளாம். நல்லா இருப்பிய."

"பரவால்லக்கா," என்றேன்.