கிட்டங்கித் தெருச் சங்கிலி

துறைமுகத்து மணி சாயங்காலம் ஐந்தரை அடித்ததும் பிளாரன்ஸ் கள்ளிப்பெட்டியிலிருந்து எழுந்துவிடுவாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தெரு முனைக் கல்தூணில் கிடக்கும் சங்கிலியை இழுத்துப் போய் எதிர்த் தூணின் கொக்கியில் மாட்டுவாள். அது ஒரு பழைய தோணியின் நங்கூரச் சங்கிலி. நல்ல கனம். ஆனாலும் அவள் யாரையும் ஒரு நாளும் கை கொடுக்கக் கூப்பிட்டதில்லை.

சங்கிலி மாட்டிவிட்டால் ஆறரை மணி வரை லாரியோ மாட்டுவண்டியோ கிட்டங்கித் தெருவுக்குள் இறங்கக் கூடாது. அது கலெக்டர் போட்ட உத்தரவு. மாட்டுவதும் அவிழ்ப்பதும் பிளாரன்சுக்கு முனிசிபாலிட்டி கொடுத்த வேலை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு இறங்கும் தெருக்களில் அதுதான் மிகவும் ஒடுக்கம். இரண்டு பக்கமும் சரக்கு அடைக்கும் கிட்டங்கிகளின் சுவர்கள். ஒதுங்க ஒரு படி கிடையாது, நுழைய ஒரு சந்து கிடையாது. உப்பு மூட்டையோ பஞ்சுப் பொதியோ ஏற்றிய லாரி இறங்கினால், சுவரோடு ஒட்டி ஓர் ஆள் நிற்கத்தான் இடம் இருக்கும். அந்தக் கிட்டங்கிகளில் முந்நூறு பெண்கள் நிலாவரை இலை ஆய்ந்தார்கள். கப்பலேறிச் சீமைக்குப் போகிற மருந்து இலை அது. பழுப்பையும் காம்பையும் பிரித்தெடுக்க நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் மங்கினால் வேலை முடிந்தது. முந்நூறு பேரும் இலைத்தூசி படிந்த தலையோடு ஒரே நேரத்தில் தெருவை நிறைத்துக்கொண்டு வருவார்கள்.

பிளாரன்சும் முன்பு அவர்களில் ஒருத்திதான். அவள் கணவன் அம்புரோஸ் சங்கு குளிக்கிறவன். கடலுக்குப் போய்த் திரும்பிய நாளெல்லாம், உப்புக் காய்ந்த உடம்போடு கிட்டங்கித் தெருவுக்கு வந்து அவளை அழைத்துப் போவான். மீன்காரிகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "ஏளா, உன் மாப்பிள்ளைக்கு நீ காணாமப் போயிருவேன்னு பயமா?" என்று கேட்பார்கள். அம்புரோஸ் அவள் கைக் கூடையை மட்டும் வாங்கிக்கொள்வான்.

அவன் சுபாவமே அப்படி. ஒருமுறை அவன் கடலடியில் இருந்தபோது, மேலே தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருந்தவன் கை நழுவ விட்டுவிட்டான். மூக்கில் இரத்தம் ஒழுக அரை உயிராகக் கரை சேர்ந்த அம்புரோஸ், கயிற்றுக்காரனை அடிக்க ஓங்கியவர்களைத் தடுத்து ஒன்றே ஒன்று சொன்னான். "கை வழுக்கிட்டு, அவ்வளவுதான். விடுங்க." அன்று இரவு முழுவதும் பிளாரன்ஸ் அவனோடு சண்டை போட்டாள். உனக்கு ஒன்றென்றால் நான் என்ன செய்வேன் என்று கேட்டு அழுதாள்.

கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. தெருதான் செய்தது.

நாற்பத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், ஒரு கூடை இலையை மறுபடி ஆயவேண்டி வந்ததால் பிளாரன்ஸ் கிட்டங்கிக்குள் பின்தங்கிவிட்டாள். வெளியே அம்புரோஸ் காத்திருந்தான். அந்தி மங்கலில் ஓர் உப்பு லாரி இறங்கியது. பெண்கள் சிதறி ஓடினார்கள். சுவரோடு தான் நின்ற இடத்தை ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு அம்புரோஸ் விலகினான். விலக இடம் இல்லை. பிளாரன்ஸ் கூடையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. லாரி டிரைவர் தரையில் உட்கார்ந்து, அம்புரோசின் தலையை மடியில் வைத்திருந்தான்.

அந்த டிரைவர் பால்துரை. கோர்ட்டில் தப்பு தன்னுடையதென்று ஒப்புக்கொண்டு மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அதற்குள் கலெக்டர் உத்தரவும் வந்தது, சங்கிலியும் வந்தது, பிளாரன்சுக்கு வேலையும் வந்தது.

திரும்பி வந்த நாள் முதல் பால்துரை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். நாலரை மணிக்கே லாரியைக் கொண்டுவந்து தெரு முனையில் முதல் ஆளாக நிறுத்திவிடுவான். பிளாரன்ஸ் பற்றி எரிந்தாள். "கொன்ன லாரியை எங்கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்துதான் பாரேன்" என்று இலைக்காரிகளிடம் சொன்னாள். கள்ளிப்பெட்டியைத் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாற்பத்திரண்டு செப்டம்பர் முதல் தேதி, உலகச் சண்டைக்காக சர்க்கார் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. துறைமுக மணி புது டைமுக்கு மாறியது. சூரியன் மாறவில்லை. இலை ஆய்கிறவர்களுக்குச் சூரியன்தான் கணக்கு.

அன்று சாயங்காலம் பிளாரன்ஸ் புது ஐந்தரைக்குச் சங்கிலி மாட்டினாள். தெரு காலியாகக் கிடந்தது. ஒரு மணி நேரம் ஈ காக்கை இல்லாத தெருவை அவள் காவல் காத்தாள். புது ஆறரை அடித்ததும் சங்கிலியை அவிழ்த்தாள். அதே நிமிஷம் கிட்டங்கிக் கதவுகள் திறந்தன.

ஒரு மணி நேரமாகத் தேங்கி நின்ற லாரிகள் அந்தக் கூட்டத்துக்குள் இறங்கின. முதலில் போனது பால்துரையின் லாரி. அவன் நடை வேகத்தில்தான் உருட்டினான். ஆனாலும் ஒரு மூட்டையின் முனை, ஏழு மாதக் கர்ப்பிணியான சண்முகவடிவின் தோளை உரசியது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு சுவரில் பல்லியைப் போல ஒட்டி நின்றாள். பால்துரை வண்டியை அங்கேயே நிறுத்தினான். பின்னாலிருந்து பத்து ஹாரன்கள் அலறின. கடைசிப் பெண் போகும் வரை அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையவில்லை.

மறுநாள் காலை பிளாரன்ஸ் முனிசிபாலிட்டி ஓவர்சியர் சிவனணைந்தபெருமாள் பிள்ளையின் மேஜை முன்னால் நின்றாள்.

"பழைய டைமுக்கே மாட்டி எடுக்கட்டுமா ஐயா?"

"உத்தரவுல அஞ்சரை, ஆறரைன்னு போட்டிருக்கு. மாத்தணும்னா கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வரணும். நான் எழுதுதேன்."

"எப்ப வரும் ஐயா?"

"சண்டைக் காலம்ளா. உன் சங்கிலிக் கடுதாசியை எவன் பிரிச்சுப் பாக்கான்? அது வர வரைக்கும் மணி அடிச்சா சங்கிலி கீழ. ராணுவ லோடு போவுது. நீ அஞ்சு நிமிஷம் பிந்தினா வேற ஆளைப் போடச் சொல்லுவாங்க. வாரவன் உன்னை மாதிரி எங்கிட்ட வந்து நிக்க மாட்டான். அதை யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அன்று சாயங்காலம் மணி அடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் கொக்கியை விடுவித்தாள். சங்கிலி தரையில் விழுந்தது. சேசுவின் பேரைச் சொல்லிக்கொண்டே அவள் லாரிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தாள். பால்துரை லாரியை விட்டு இறங்கி, பின்னால் மாட்டியிருந்த கரி டிரம்மைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பெட்ரோல் கிடைக்காத காலம். லாரியெல்லாம் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓடின. தீ படுத்துவிட்டால் காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் எழுப்பவேண்டும்.

"என்னவே, வண்டியை எடும்" என்று பின் லாரியிலிருந்து அய்யாக்குட்டி கத்தினான்.

"தீ அணைஞ்சு போச்சு. பொறும்."

பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்து, கடந்து, போய் முடிந்தார்கள். அதன் பிறகு பால்துரையின் தீ பிடித்துக்கொண்டது.

மறுநாளும் தீ அணைந்தது. அதற்கு மறுநாளும். அய்யாக்குட்டி, "உம்ம லாரிக்குப் பொம்பளை வாசம் பட்டா தீ படுத்துருமோ?" என்று கேட்டான். "கரி ஈரம்வே" என்றான் பால்துரை. "இதுக்குத்தான் தினமும் நாலரைக்கே வந்து துண்டு போட்டு இடம் பிடிச்சீரா? முன்னால நின்னா எவனும் முந்த முடியாதுன்னு?" பால்துரை கைப்பிடியைத் துடைத்தான்.

முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பிளாரன்சின் காதில் அது விழுந்தது. வேறெவனும் முந்திக்கொண்டு தெருவுக்குள் வேகமாக இறங்கிவிடக் கூடாது என்றுதான் ஒன்றரை வருஷமாக அவன் முதலில் வந்து நின்றான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் திரும்பவில்லை. ஆனால் அன்று முதல் ஓரக்கண்ணால் அந்த டிரம்மைப் பார்க்கத் தொடங்கினாள். சாம்பல் கதவு எது, கைப்பிடி எது, தீ உண்மையில் எங்கே எரிகிறது என்பதெல்லாம் பத்து நாளில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதினோராம் நாள் அய்யாக்குட்டி குஷியாக வந்தான்.

"ராணுவ லோடு காண்டிராக்டர் புகார் எழுதிட்டாரு. இன்னைக்கு ஓவர்சியர் வாராரு. டிரம்மைத் தொட்டுப் பார்ப்பாரு. தீ இருந்துச்சுன்னா உம்ம துறைமுக பாஸ் கிழிஞ்சுது. நாளைக்கு நான்தான் முன்னால."

பால்துரையின் முகம் கறுத்தது. அவன் பிழைப்பு போகும். அது மட்டும் அல்ல, நாளை முதல் அய்யாக்குட்டிதான் முன்னால் இறங்குவான்.

ஆறரை அடித்தது. பிளாரன்ஸ் சங்கிலியை அவிழ்த்தாள். தெருவில் முதல் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. மேற்கு மூலையில் ஓவர்சியரின் சைக்கிள் திரும்பியது.

பிளாரன்ஸ் கள்ளிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பானையை எடுத்தாள். இலைக்காரிகள் குடிப்பதற்காக அவள் நிறைத்து வைக்கும் தண்ணீர் அது. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கணவன் மேல் ஏறிய அந்த லாரியின் பக்கம் முதல் தடவையாக நடந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிச் சாம்பல் கதவைத் திறந்தாள். தண்ணீர் முழுவதையும் உள்ளே ஊற்றினாள். டிரம் சீறியது. வெள்ளை ஆவி இரண்டு பேரையும் மூடியது.

"இனி நீரு பொய் சொல்ல வேண்டாம்" என்றாள். அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஓவர்சியர் சைக்கிளை நிறுத்தினார். தரையில் கிடந்த சங்கிலியைப் பார்த்தார்.

"மணிக்கு எறக்கிட்டியாளா?"

"மணிக்கு எறக்கிட்டேன் ஐயா."

"பின்னே ஏன்வே நிக்குதீரு?"

"தீ அணைஞ்சு போச்சு ஐயா" என்றான் பால்துரை. இந்தத் தடவை அது உண்மை.

ஓவர்சியர் டிரம்முக்குள் குனிந்து பார்த்தார். கறுத்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலிப் பானையைப் பார்த்தார். பிளாரன்சின் கையில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தார். அப்போது தெருவிலிருந்து சண்முகவடிவு ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தெரு நடுவில், அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். அவள் தாண்டிப் போகும் வரை ஓவர்சியர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அணைஞ்சுதான் போச்சு" என்றார் பிறகு. "ஏலே அய்யாக்குட்டி, எல்லாருமாச் சேர்ந்து வண்டியை ஓரமாத் தள்ளுங்க. இப்ப இல்ல. பொம்பளைங்க போன பொறவு." சைக்கிளில் ஏறிக்கொண்டே பிளாரன்சிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு நானே நேர்ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்."

மற்ற லாரிகள் போய்விட்டன. பால்துரை ஈரக் கரியை வாரிக் கொட்டி, காய்ந்த கரி போட்டுத் தீ மூட்டினான். காற்றாடியைச் சுற்றப் போனபோது, கைப்பிடியை பிளாரன்ஸ் பிடித்திருந்தாள். அவன் நகர்ந்துகொண்டான். அவள் சுற்றினாள். தூரத்தில் கடல் இரைந்தது.

"உம்ம மடியிலதானே அவரு போனாரு" என்று சுற்றிக்கொண்டே கேட்டாள். "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

பால்துரை தீயைப் பார்த்தபடி சொன்னான்.

"எந்திரிச்சுப் போயிரும், கூட்டம் வந்தா அடிச்சே போட்டுருவாங்கன்னாரு. உமக்குக் கண்ணு மறைச்சிட்டு, அவ்வளவுதான்னு சொன்னாரு. நான் போவலை தாயி. போக முடியலை."

கைப்பிடி நின்றது.

"ஏன் இத்தனை நாளாச் சொல்லலை? கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே?"

"லாரியை ஏத்துனவன் வாயில இருந்து வந்தா யாரு நம்புவா?"

பிளாரன்சின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. கயிறு பிடித்தவனுக்காகச் சொன்ன அதே 'அவ்வளவுதான்'. வீட்டில் அவள் சண்டை போட்ட அந்த வார்த்தையை இந்த மனிதனால் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது. அது அம்புரோசின் வாயிலிருந்து மட்டும்தான் வரும். ஒன்றரை வருஷமாக அது அவள் முதுகுக்குப் பின்னால், நாலடி தூரத்தில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அவரு அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள். மறுபடி சுற்றத் தொடங்கினாள். டிரம்முக்குள் கரி சிவந்தது. நீல நாக்கு ஒன்று எழுந்தது.

"போதும், பிடிச்சிருச்சு" என்றான் பால்துரை.

"நாளைக்கு ரெண்டு பானை கொண்டாறேன் அண்ணாச்சி. ஒண்ணு குடிக்க வேணும்லா."

சங்கிலி நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்ட புது உத்தரவு ஐப்பசி பிறந்த பிறகுதான் வந்தது. அதுவரை ஒரு பானை தினமும் காலியானது. உத்தரவு வந்த பிறகு தீ அணையவில்லை. பால்துரை வழக்கம்போல முதல் ஆளாக வந்து நின்றான். கள்ளிப்பெட்டி மட்டும் லாரியைப் பார்க்கத் திரும்பியிருந்தது.