நானோகுழாயும் நாட்டுப்பொண்ணும்

வேலை முடிந்து வந்ததும், வாசலுக்கு ஓடிவரும் குழந்தையை முதலில் தூக்குவதா, முதலில் குளிப்பதா? மகளுக்கு மூன்று வயதாகிவிட்டது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாய்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, அதன்மேல் நரம்பு செல்களை வளர்க்கிறோம். அந்தக் குழாய்களில் மின்சாரம் பாயும். செல்கள் தங்களுக்குள் பேசுவதை அவற்றின் வழியாகக் கேட்கலாம். அசையாத கையை என்றாவது அசைக்க இது உதவும் என்று நம்பிக்கை.

பூச்சு காய்ந்துவிட்டால் தகட்டை விட்டு எங்கும் போகாது. பூசுவதற்கு முன் எடை போடும்போதுதான் அது பறக்கும் கரிப்பொடி. அதற்கு முகமூடி, கையுறை, மேலங்கி எல்லாம் உண்டு. "இது போதும் மேடம், வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கொஞ்சுங்க" என்கிறார் பாதுகாப்பு அதிகாரி. ஆனாலும் பறக்கும் ரயிலில் உட்கார்ந்ததும், பின்னலுக்குள் ஒரு துகள் புகுந்திருந்தால் என்று தோன்றும். மயிலாப்பூர் வருவதற்குள் அது ஒரு கைப்பிடி ஆகிவிடும்.

ஆகவே வாசலிலிருந்து நேராகக் குளியலறை. இதை ஆசாரம் என்று நினைத்து, மருமகளைப் பற்றி மாமியாருக்கு ஏகப் பெருமை. எதிர்வீட்டு மாமியிடம் அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "எங்காத்து நாட்டுப்பொண்ணு ஸ்நானம் பண்ணாம குழந்தையைத் தொடமாட்டா. இந்தக் காலத்துல இவ்ளோ மடியா யார் இருக்கா, சொல்லுங்கோ!"

கணவர் கிசுகிசுத்தார்: "அந்த செல்லெல்லாம் எலி மூளைலேர்ந்து வர்றதுன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம் குளிச்சாலும் உள்ள விடமாட்டா."



ஒரு சனிக்கிழமை, நான் உள்ளே நுழையும்போது, மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி கைநீட்டி ஓடிவந்தாள். "இரு கண்ணம்மா, அம்மா இதோ குளிச்சுட்டு வந்துடறேன்." அரைகுறையாகக் குளித்துவிட்டுத்தான் வந்தேன். அதற்குள் அழுகை ஓய்ந்து, மாமியார் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் விடுமுறை. துகள் பயம் இல்லாத காலை. ஆசையாகக் கையை விரித்தேன். அவள் சுவரோரம் ஒதுங்கி, "தொடாதே! நான் இன்னும் குளிக்கலை" என்றாள். மாமியார் சிரித்த சிரிப்பில் டம்ளர் காபி தளும்பியது. நானும் சிரித்துவிட்டேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் நான் மணி அடித்தால் அவள் ஓடிவருவதில்லை. சோபாவில் இருந்தபடியே, "குளிச்சாச்சா?" என்று குரல் கொடுக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலோ பெயின்ட் பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் அம்மாக்களே, அப்பாக்களே, கதவுக்கும் குளியலறைக்கும் நடுவில் குழந்தையிடம் என்ன சொல்வீர்கள்? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூக்கிவிடலாமா? அவளை மறுபடி வாசலுக்கு ஓடிவர வைக்க ஒரு வழி தெரிந்தால் எழுதுங்கள்.