ஆடியில் காய்ச்சிய பால்

என் சாவிக்கொத்தில் பைக் சாவிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சாவி தொங்குகிறது. அணுபுரம் போகிற ரோட்டில் அண்ணன் கட்டிய வீட்டுப் பூட்டின் இரண்டு சாவிகளில் ஒன்று. கடைசி லீவில் வந்தபோது அவரே அந்தப் பூட்டை வாங்கி மாட்டினார். பெயிண்ட் வேலையைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, மற்றதைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "பால் காச்சற அன்னிக்கு என் சாவிலதான்டா தொறக்கணும்" என்றார்.

மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் ஓடி ஓடியே பட்டாளத்துக்குத் தேர்வானவர் அண்ணன். பதினெட்டு வருடத்தில் அவில்தார் ஆகியிருந்தார். அவர் லீவில் வந்தால் எங்கள் வீட்டில் செருப்புகள்கூட வரிசையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகூட விடிந்ததும் என் போர்வையை உருவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார். எப்போதடா ரயில் ஏறுவார் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஏறிப் போன மறுநாளே வீடு வெறிச்சென்று ஆகிவிடும். எல்லையைப் பற்றிக் கேட்டால், "குளுரு பேஜாருடா" என்பதோடு முடித்துக்கொள்வார்.

போன வருடம் ஆடி பிறந்த வாரத்தில் போன் செய்தார். நான் சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "லீவு கெடச்சிடுச்சிடா. வர்ற வாரம் வந்துடறேன், பால் காச்சிடலாம்."

"இன்னாண்ணா நீ, ஆடில எவனாவது பால் காச்சுவானா? ஆவணில வா" என்று சிரித்தேன்.

"அதுவும் சரிதான்" என்றார். அந்த லீவை, மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்த ஒரு சிப்பாய்க்கு விட்டுக்கொடுத்தார். பத்தாம் நாள் எல்லையில் சண்டை மூண்டது. அண்ணன் இருந்த முகாமில் குண்டு விழுந்தது. கொடி போர்த்திய பெட்டியில் அவர் செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது ஆடி முடிந்திருக்கவில்லை.

வீரமரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நான் சொன்ன 'ஆவணில வா'தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன்பின் ஒரு வருடம் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடிக்காமல் வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டு வருவேன், அவ்வளவுதான்.

இந்த ஆடியில் அண்ணியே அந்த வீட்டுக்கு வரச் சொன்னார். பூட்டின் முன்னால் நின்றதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஆடில வேணாம்னு நாந்தான் அண்ணி சொன்னேன். இல்லாங்காட்டி அண்ணன் இங்க இருந்துருப்பாரு."

அண்ணி கதவைப் பார்த்தபடியே சொன்னார். "உன்னாண்ட பேசறதுக்கு முன்னாடி என்னாண்ட பேசுனாரு தம்பி. நானும் அதையேதான் சொன்னேன். இத்தினி நாளா யாராண்டயும் வாயத் தொறக்கல."

முகாமிலிருந்து திரும்பி வந்த பர்ஸிலிருந்து அண்ணனின் சாவியை எடுத்தார். அது பூட்டில் சிக்கிக்கொண்டது. நான் என்னுடையதை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மறுபடி திருகினார். திறந்தது. நல்ல நாள் பார்க்கவில்லை, சுமங்கலி யாரையும் கூப்பிடவில்லை. அண்ணியே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சி, முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

இப்போது அண்ணி அங்கேதான் இருக்கிறார். நான் போனால் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பேன். என் சாவியை அந்தப் பூட்டில் போடுவதில்லை.