பானைத் தண்ணீரும் தங்கத் தகடும்

சுருளிப்பட்டியில் ஜெசிந்தாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி நான், சொல்ல எனக்கு உரிமை உண்டு. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதிலிருந்து பூச்சிமருந்து என்றாலே அவளுக்குக் குலை நடுக்கம். புருஷன் ஜான் பீட்டருக்குத் திராட்சைத் தோட்டம். இவளோ ஒரு பழம் தொடமாட்டாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர்தான் குடிப்பாள். இப்போது ஏழு மாதம்.

மதுரையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். பயம் தாங்காமல், அங்கே செய்த தகடுகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கண்ணாடிமேல் தங்கப்பூச்சு, அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், நாற்று நட்டதுபோல வரிசை பிசகாமல். வெளிச்சம் பட்டால் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடுமாம். அந்த ஆட்டத்துக்குத் தக்க நிறம்தான் தகட்டைத் தாண்டி அதிகம் வரும். தகட்டில் பூச்சிமருந்து மட்டும்தான் ஒட்டுமாம்; ஒட்டினால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். லேப்டாப்பில் அது ஒரு கோடு. முதலில் சுத்தத் தண்ணீர் விட்டுக் கோடு நிற்கும் இடத்தைக் குறிக்கவேண்டும். பிறகு பழம் கழுவிய தண்ணீர்.

லேபிலிருந்து எடுத்துவந்த தண்ணீர் பஸ்ஸிலேயே கொட்டிப்போயிருந்தது.

"நம்ம கிணத்துத் தண்ணிய விடவா சுத்தம்?" என்று மாமியார் செபஸ்தியம்மாள் பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். அதிலேயே குறித்தாள், அதிலேயே பழத்தையும் கழுவினாள். கோடு அசையவில்லை. ஜெசிந்தா அழுதேவிட்டாள். ஒரு கொத்தை எடுத்து ஆசையாகத் தின்றாள். எனக்கும் சந்தோஷம்தான்.

பாதிக் கொத்தில் கை நின்றது; கண் பானைமேல் போனது. எழுந்துபோய் இன்வெர்ட்டருக்கு ஊற்றும், காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீரை எடுத்துவந்தாள். புதுத் தகடு வைத்து, அதை விட்டுக் குறித்தாள். அதன்மேல் பானைத் தண்ணீரை விட்டாள்.

கோடு நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போனது.

"அத்தை," என்றாள். "மருந்தடிச்சிட்டு டேங்க அவுக எங்கன கழுவுறாக?"

"கிணத்தடியிலதான். எல்லாரும் அங்கனதான் கழுவுவாக. ஏன்?"

எங்கள் வீட்டிலும் கிணற்றடியில்தான் கழுவுகிறோம்.

செபஸ்தியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகளின் முகம் வெளுத்ததைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொம்பை நீட்டினார்.

"மூச்சு வாங்குது பாரு. ஒரு வாய் தண்ணி குடி ஆத்தா."

ஜெசிந்தா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.