டார்கஸின் தோளுக்கு ஒரு கட்டை

அமெரிக்காவின் வெர்மான்டில் எங்கள் ஊரில் துப்பாக்கிகளுக்குத் தோள்கட்டை, அதாவது சுடும்போது தோளில் பதிக்கும் பின்கட்டை, பொருத்துகிறவர் வெர்லின் ஹேட்ச். இந்தக் காலத்துக் கறுப்பு பிளாஸ்டிக் துப்பாக்கிகளை அவர் வேக்யூம் கிளீனர் என்றுதான் சொல்வார். அவற்றுக்குப் பழைய பாணியில் வால்நட் மரக்கட்டை போட்டுத் தருவதும் அவரே.

தோளில் அறுவை சிகிச்சை நடந்தபின் அவர் மனைவி டார்கஸால் சுடும்போது அந்த வேக்யூம் கிளீனர் தோளில் தரும் மெல்லிய உதையை மட்டுமே தாங்க முடிந்தது. இந்த வருஷமாவது மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுக்காக வெர்லின் ஒரு கட்டையைச் செதுக்கி, ஆகஸ்டில் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கச்சிதமாக இருந்தது.

நவம்பரில், வேட்டையின் முதல் நாள் காலை, கம்பளிக் கோட்டோடு அவள் துப்பாக்கியைத் தூக்கியபோது கட்டை அக்குளில் சிக்கியது. கோட்டின் தடிமனால் அரை அங்குலம் நீளம் கூடிவிட்டது. கோட்டு போடாமல் வந்தால் யாருக்கும் அளவெடுக்காதவர் வெர்லின்.

"ஊரையே ஆகஸ்ட்ல கோட்டு போட்டு வேர்க்க வச்ச. எனக்கு மட்டும் எப்படிப்பா மறந்துபோச்சு?"

"ஆப்பரேஷனுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நீ முகம் சுளிக்காம கையத் தூக்கின. அதையே பாத்துட்டு நின்னுட்டேன்."

டார்கஸ் துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள்.

"சரி, கோட்டோடயே நிக்கிறேன். அளந்து அறு. இந்தத் தடவ கட்டையப் பாரு."

காட்டுக்குப் போய்ச் சேரப் பத்து மணியானது, மான்கள் காத்திருக்கவில்லை. அறுத்த துண்டு சமையலறை மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் இருக்கிறது. ஒன்பது வருஷமாக வெர்லின் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த மேஜை அது.