அணுகுண்டுக்கு வக்காலத்து வாங்கிய பங்காளி

திண்டிவனம் மண்டியில் போன விளைச்சல் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையை எடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் தணிகாசலம் அண்ணன் இறந்துவிட்டாராம். நான் நம்பவில்லை. என்னோடு போட்ட சண்டையை முடிக்காமல் அவர் எப்படிப் போவார்? அவரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள் நீங்கள் எல்லோரும் இதற்குச் சாட்சி.

அவர் என் பங்காளி. எங்கள் நிலங்களுக்கு நடுவில் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. அஞ்சலி எழுதச் சொன்னவர்கள் செத்தவரைப் பற்றி நல்லதாக எழுது என்கிறார்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் தூக்கிவைத்துப் பேசிய அணுகுண்டை அதைவிடப் பிடிக்காது.

எல்லையில் இரண்டு நாடும் மாறி மாறி ஏவுகணை விட்ட நாட்களில், டீக்கடை டிவிக்கு முன்னால் அவர்தான் தளபதி.

“நம்மகிட்ட அணுகுண்டு கீது. எவன் கிட்ட வருவான்?”

“அவன்கிட்டயும் கீதேண்ணா,” என்றேன்.

“அதான்டா விஷயம். ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா ரெண்டு பேரும் அடங்கிக் கெடப்பான். அது போடறதுக்கு இல்ல, காட்டறதுக்கு.”

“அடங்கிக் கெடக்கறவன்தான் இப்டி சுட்டுக்கினு கீறானா?”

மிச்ச டீயை என் காலடியில் ஊற்றினார். “ஒனக்கு இதெல்லாம் ஏறாது. போய் மாட்டக் கழுவு.”

இதை அவர் டிவியில் கற்றுக்கொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன்பே எங்கள் கிணற்றில் நடத்திப் பார்த்தவர். முறைத் தகராறு முற்றியபோது, பூச்சிமருந்து கேன் ஒன்றைக் கொண்டுவந்து கிணற்று விளிம்பில் வைத்தார். “இன்னொரு வாட்டி என் மொறையில மோட்டார தொட்டுப் பாரு, இத உள்ள கவுத்துடறேன். ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.” மறுநாளே எதிர் விளிம்பில் நானும் ஒன்று வைத்தேன். அதே கடை, அதே மருந்து, அதே வெள்ளைக் கேன்.

அந்தச் சாகுபடிப் பட்டம் முழுக்க யாரும் யார் முறையையும் தொடவில்லை. “பாத்தியா, சண்டையே இல்ல!” என்று மீசையைத் தடவினார். சண்டை இல்லைதான். ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க இறங்கினால்கூட, இருவரும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தோம்.

பிறகு ஒரு மத்தியானம் கேன் ஒன்று மூடி கழன்று கிணற்றுக்குள் மிதந்தது. இன்னொன்று வெளியே வரப்பில் உருண்டு கிடந்தது. எது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. விளிம்பெல்லாம் மயில் எச்சம். தட்டிவிட்டது மயிலாக இருக்கலாம் என்று ஆத்திரத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் கடப்பாரையோடு வந்தார், நான் மண்வெட்டியோடு நின்றேன்.

“ஊத்திட்டியேடா, பாவி!”

“நீ ஊத்திட்டு என்னக் கேக்கறியா?”

கடப்பாரையை ஓங்கியவர் வாய்க்காலைப் பார்த்தார். அன்று என் முறை. பூ விட்ட என் மல்லாட்டைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. “டேய், சண்ட அப்புறம்! மோட்டார நிறுத்துடா மொதல்ல!” என்று கத்தினார். நான் அசையவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு அவரே ஓடிப்போய் நிறுத்தினார். பாதிப் பயிர் பிழைத்தது.

கிணற்றை இறைத்துப் பாறைப்பக்கம் கொட்டி முடிப்பதற்குள் இருவருக்கும் முதுகு விட்டுப்போனது. நான்தான் ஊற்றினேன் என்று கடைசிவரை சொன்னார். அவர்தான் என்று நானும் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து விளிம்பில் கேன் இல்லை. அதற்குப் பதில் ஒரு பழக்கம் வந்தது. மோட்டாரைத் தொடுமுன் மற்றவனுக்குப் போன் போட வேண்டும். முகம் பார்க்காத நாட்களிலும் போன் வரும். “போடறேன்” என்பார், வைத்துவிடுவார். இரண்டு நாட்டு ராணுவ அதிகாரிகளும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று டிவியில் சொன்னபோது, “நம்மளப் பாத்துதான் கத்துக்கினு இருப்பானுங்க” என்றார். அப்போதும் குண்டை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குண்டு விழுந்தால் எந்தப் பாறையில் இறைத்துக் கொட்டுவது என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவரை நான் மடக்கியது அந்த ஒரு முறைதான்.

காரியத்துக்குச் சென்னையிலிருந்து வந்த, இனி நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிற அவர் மகன், பந்தலிலேயே என்னிடம் சொன்னான்: “எங்கப்பா மாதிரி கேன வெளிய வெச்சி மெரட்டிக்கினு இருக்க மாட்டேன் சித்தப்பா. மொறை தப்புனா நேரா உள்ளதான்.”

அவன் அப்பா வாய்க்காலைத் திரும்பிப் பார்த்ததை அவன் பார்த்ததில்லை. வயலில் இப்போதும் பூ விட்ட பயிர் நிற்கிறது, இருவருக்கும்.

இன்று காலை என் முறை. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று அவன் நம்பருக்குப் போட்டேன். நெடுநேரம் அடித்தது.

“என்னா?”

“மோட்டார் போடறேன்.”

“சொல்லிட்டு வேற போடணுமா?” என்றான்.

“ஒங்கப்பன் சொல்லிட்டுதான் போடுவாரு.”

“...நாளைக்கு என் மொறை.”

“அப்ப நீ போன் போடு.”

பட்டென்று வைத்துவிட்டான். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: பிடிக்காதவனுக்கும் போட்டுச் சொல்கிற அந்தப் போன். நாளைக் காலை என் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.