காதில் துடைப்பக் குச்சி

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், எங்கள் உடைமைகளில் இரண்டு பிறர் வசம் இருந்தன. ஒன்று, என் தாய் எனக்குப் போட்டனுப்பிய அரைப் பவுன் தோடு. அது நகரத்து அடகுக் கடையில் இருந்தது. மற்றொன்று எங்கள் ரேஷன் கார்டு. அது லயத்தை ஒட்டிய மளிகைக் கடைக்காரரின் மேசைக்குள் இருந்தது. கடனுக்குச் சாமான் வேண்டுவோர் கார்டை ஈடாக வைப்பது அங்கே வழக்கம்.

மாரியம்மன் திருவிழா நெருங்கினால் லயத்துப் பெண்கள் முதலில் நகையைத்தான் மீட்பார்கள். வெறுங்காதோடு தேர் பார்க்க நிற்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதினோம். நானும் ஒன்பது ஆண்டுகள் அவ்வாறே செய்தேன். கடைக்காரரிடம் பணம் வாங்கித் தோட்டை மீட்பேன். எட்டு நாள் அணிவேன். ஒன்பதாம் நாள் மீண்டும் அடகு வைத்து அவருக்குப் பாதி கொடுப்பேன். மீதி அவருடைய நோட்டில் தங்கிவிடும். எட்டு நாள் அழகுக்கு ஆண்டு முழுதும் இரண்டு இடத்தில் வட்டி கட்டிய அறிவீனத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எஞ்சிய எழுத்தைப் பொட்டலக் காகிதங்களில் கற்றேன். பத்தாம் ஆண்டுத் திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பு, கடைச் சிட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நானே கூட்டிப் பார்த்தேன். எங்கள் கூலியை விழுங்கியது தோடு அன்று, அரிசி. கார்டு கையில் இருந்தால் அதே அரிசி பாதி விலைக்குக் கிடைக்கும்.

தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்: "ஏனுங்க, இந்த வருசம் தோடு வேண்டாமுங்க. கார்டத் திருப்புவோம்."

"நோம்பிக்கு நாலு பேரு முன்னால தலை காட்ட வேண்டாமா புள்ள?"

"தலை இருக்குமுங்க. தோடுதான் இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் இரண்டு கட்டுப் பீடிக்குப் பதில் ஒரு கட்டு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. லயத்துக்குப் பின்னால் பீன்ஸும் கீரையும் போட்டோம். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைச் சுமந்து வந்து விறகுச் செலவை ஒழித்தோம். நாள் அளவுக்கு மேல் நான் பறித்த கொழுந்துக்குக் கிடைத்த காசு பால்மாவு டப்பாவுக்குள் போயிற்று. பிள்ளைகளின் முட்டையில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

திருவிழா வந்தது. காதுத் துளை தூர்ந்துவிடாதிருக்க நான் எப்போதும் செருகும் துடைப்பக் குச்சியோடே கோயிலுக்குப் போனேன். கணவரின் தங்கை எல்லாரும் கேட்கும்படி வினவினாள்: "அண்ணி, காதுல என்ன, வைரமா?"

"சீமாத்துக் குச்சி. இதுக்கு வட்டி இல்ல சாமி."

அன்று என் முகம் எரிந்தது என்பதும் உண்மை. ஆயினும் தேர் நிலைக்கு வரும்வரை நான் முன்வரிசையை விட்டு நகரவில்லை.

ஆடி மாதச் சம்பள நாளில் டப்பாவோடு கடைக்குப் போனேன். கடனில் முக்கால் பங்கு அதில் இருந்தது.

"மிச்சத்தையுங் குடுத்துட்டு வாங்கிக்கலாம். கார்டு இங்கியே பத்திரமா இருக்கட்டும்," என்றார் கடைக்காரர்.

"எங்கூட்லயும் பத்திரமா இருக்குமுங்ணா. ஒருக்கா கண்ணுலயாவது காட்டுங்க."

வேண்டா வெறுப்பாக எடுத்துத் தந்தார். பிரித்தேன். மாதம் தவறாமல் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்கியதாகப் பதிவு இருந்தது. எங்கள் பங்கு அரிசியை அவர் எடுத்து, எங்களுக்கே இருமடங்கு விலைக்குக் கடனாக விற்றிருக்கிறார்.

"இதெல்லாம் ஆரு வாங்குனதுங்ணா?"

"வாங்காம உட்டா கார்டு செல்லாமப் போயிருமேன்னு நாந்தான் எடுத்தேன். உங்க நல்லதுக்குத்தான்."

"அப்ப அந்த நல்லதுக்கு நாங்க குடுத்த வெலையக் கழிச்சுட்டு மிச்சத்தச் சொல்லுங்க."

என் பின்னால் சம்பள நாள் கூட்டம் நின்றது. "எங்க கார்டையுங் கொஞ்சம் காட்டுங்க மொதலாளி," என்றது ஒரு குரல். அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கடன் தீர்ந்ததென்று நோட்டில் எங்கள் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். டப்பாவில் இருந்த பணம் முழுவதையும் அவர் கண்முன் எண்ணி மடியில் கட்டிக்கொண்டு, கார்டோடு வெளியே வந்தேன்.

அந்தப் பணத்தைக் கொண்டு தோட்டை மீட்டிருக்கலாம். நான் மீட்கவில்லை, பிள்ளைகளுக்கு மழைக்காலக் கம்பளிச் சட்டை வாங்கினேன். கெடு முடிந்து தோடு ஏலத்தில் போயிற்று. அதன் பொருட்டு ஒரு வேளைச் சோற்றையும் நான் தள்ளி வைத்ததில்லை.

ரேஷன் கடைக்குப் போகும் வழி மளிகைக் கடையைக் கடந்துதான் செல்லும். ஒருநாள் அரிசி மூட்டையோடு திரும்புகையில் கடைக்காரர் உள்ளிருந்து கூப்பிட்டார்.

"என்னம்மா, நம்ம கடைய மறந்தே போயிட்டீங்களா?"

"மறக்கலீங்ணா. அதனாலதான் வர்றதில்ல."